ஆறு மணி நேரத் தூக்கம் யாருக்குப் போதும்? வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

தூக்கம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றி வளைத்து ஒன்றைத்தான் கேட்கின்றன: குறைவாகத் தூங்கி உடம்பைப் பழக்கிக்கொள்ள முடியுமா? முடியாது. ஏன் முடியாது என்பதைக் கடிதம் கடிதமாகப் பார்க்கலாம். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம், நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம்.

கேள்வி (கரூர்): வயது 34. ஜவுளி ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு பையர்களோடு பேசி முடித்துப் படுக்க ராத்திரி 12 ஆகிவிடும். காலை 6 மணிக்கெல்லாம் ஜிம்முக்குக் கிளம்பிவிடுவேன். பல வருடமாக இப்படித்தான், ஒரு குறையும் தெரியவில்லை, உடம்பு பழகிவிட்டது. எட்டு மணி நேரம் தூங்கியே ஆக வேண்டும் என்று மனைவி தினமும் சண்டை போடுகிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி சொல்வதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. எல்லோருக்கும் எட்டு என்று கறாரான கணக்கு கிடையாது. அமெரிக்காவின் நேஷனல் ஸ்லீப் ஃபவுண்டேஷன் 2015-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி 18 முதல் 64 வயது வரை 7 முதல் 9 மணி நேரம், 65-க்கு மேல் 7 முதல் 8, பதினான்கிலிருந்து பதினேழு வயதுக்காரர்களுக்கு 8 முதல் 10, ஆறிலிருந்து பதின்மூன்று வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 11. பிறந்த குழந்தை நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஏழு மணி நேரத்திலேயே தெளிவாக எழுகிறவர்களும் உண்டு, ஒன்பது இல்லாமல் முடியாதவர்களும் உண்டு, அண்ணன் தம்பிக்குள்ளேயே இந்த வித்தியாசம் இருக்கும். அதே ஆண்டு அமெரிக்கத் தூக்க மருத்துவர்களின் அமைப்பும் பெரியவர்களுக்குக் குறைந்தது 7 மணி நேரம் வேண்டும் என்றுதான் சொன்னது.

"பழகிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கவலை. 2003-இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் வான் டாங்கென், டிங்கஸ் என்ற ஆய்வாளர்களின் குழு, ஆரோக்கியமான 48 பேரை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்தது. ஒரு பிரிவுக்கு இரவில் 8 மணி நேரம், அடுத்ததற்கு 6, இன்னொன்றுக்கு 4 என்று 14 நாளைக்குப் படுக்கை நேரத்தை அளந்து கொடுத்தார்கள். மற்றொரு பிரிவு மூன்று இரவு பொட்டுக் கண் மூடவில்லை. பகலில் வைத்த சோதனை ரொம்ப எளிது. திரையில் எண் ஓட ஆரம்பித்ததும் பட்டனை அழுத்த வேண்டும். எவ்வளவு தாமதமாக அழுத்துகிறார்கள், எத்தனை தடவை கோட்டை விடுகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஆறு மணி நேரம் தூங்கியவர்களின் கவனம் நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே போய், இரண்டு வாரம் முடிகிறபோது ஓரிரு இரவு முழுக்கக் கண்விழித்தவர்களின் நிலைக்கு வந்துவிட்டது. ஆனால் "இப்போது எவ்வளவு தூக்கக் கலக்கமாக இருக்கிறது" என்று அவர்களையே கேட்டபோது, முதல் சில நாளுக்குப் பிறகு அவர்கள் சொன்ன அளவு பெரிதாகக் கூடவே இல்லை. மூளை மங்கிக்கொண்டே போகிறது, மங்குவது மட்டும் ஆளுக்குத் தெரியவில்லை. ஆகவே "எனக்கு ஒன்றும் தெரியவில்லை" என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

குறைவான தூக்கம் நிஜமாகவே போதுமானவர்கள் இருக்கிறார்கள். 2009-இல் கலிபோர்னியாவில் யிங்-ஹுய் ஃபூ குழுவினர், ஆறு மணி நேரத்தைச் சற்றே தாண்டித் தூங்கி நன்றாக இருந்த ஒரு தாயிடமும் மகளிடமும் டெக்2 என்ற மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இது பிறவியிலேயே வருவது, மிக அபூர்வம். ஜிம்முக்குப் போவது போல் பயிற்சி செய்து வரவழைக்கக்கூடியது இல்லை.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். அடுத்து நாலைந்து நாள் சேர்ந்தாற்போல் லீவு வரும்போது, அலாரம் வைக்காமல், போனைப் பக்கத்து அறையில் போட்டுவிட்டு, தினமும் ஒரே நேரத்தில் படுங்கள். முதல் இரண்டு நாள் ஒன்பது பத்து மணி நேரம் கூட அடித்துப் போட்டது போல் தூங்கலாம், அது பழைய பாக்கி, கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்கப்புறம் தானாக விழிப்பு வருகிற நேரம்தான் உங்களுக்கான அளவு. இன்னொன்று, 12 முதல் 6 வரை படுக்கையில் இருந்தால் ஆறு மணி நேரத் தூக்கம் என்று நினைக்கிறீர்கள். தூக்கம் பிடிக்க ஆகும் நேரத்தையும் நடுவில் புரண்டு படுத்ததையும் கழித்தால் ஐந்தரைதான் தேறும். பையர் பேச்சைக் குறைக்க முடியாது என்றால் ஜிம்மை மாலைக்கு மாற்றுங்கள்.

கேள்வி (தஞ்சாவூர்): மகள் பிளஸ் டூ. ஸ்பெஷல் கிளாஸ், டியூஷன் எல்லாம் முடித்து வீடு வர இரவு 8.30. சாப்பிட்டுவிட்டு 11.30 வரை படிக்கிறாள். அவள் அப்பா 4 மணிக்கு எழுப்பிவிடுகிறார், விடியற்காலையில் படித்தால்தான் மண்டையில் ஏறும் என்கிறார். போன வாரம் பஸ்ஸில் தூங்கி ஸ்டாப்பைத் தாண்டிப் போய்விட்டாள். மார்க்கும் இறங்கிக்கொண்டிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நாளையிலிருந்து 4 மணிக்கு எழுப்புவதை நிறுத்துங்கள் அம்மா. முதலில் அதைச் செய்யுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

நாலரை மணி நேரம் தூங்குகிறாள், அவள் வயதுக்கு எட்டாவது வேண்டும். தினமும் மூன்றரை மணி நேரம் குறைந்தால் ஒரு வாரத்தில் 24 மணி நேரத்துக்கும் மேல் குறைகிறது. பஸ்ஸில் தூங்கியதற்காக அவளைத் திட்டியிருந்தால் இன்றைக்கே கூப்பிட்டுச் சமாதானம் சொல்லுங்கள். அந்தத் தூக்கத்தை அவள் தடுத்திருக்கவே முடியாது.

விடியற்காலையில் படிப்பது நல்லது என்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. வீடு அமைதியாக இருக்கும், தொந்தரவு இருக்காது. ஆனால் அப்படிச் சொல்லி வளர்ந்த தலைமுறை ராத்திரி எட்டரை ஒன்பதுக்கெல்லாம் படுத்துவிட்டது. நாம் அந்தப் பாதியை விட்டுவிட்டு நாலு மணியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம். தவிர, பருவ வயதில் உடம்பின் கடிகாரமே பின்னால் நகர்ந்துவிடுகிறது. தூக்கத்துக்கு அடையாளம் கொடுக்கும் மெலடோனின் பெரியவர்களைவிடத் தாமதமாகச் சுரப்பதால் பத்தரை பதினொன்றுக்கு முன் பல பிள்ளைகளுக்குத் தூக்கமே பிடிக்காது. விடிகாலை 4 மணி என்பது அவர்கள் உடம்புக்கு நட்ட நடு ராத்திரி. இதைப் பார்த்துத்தான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2014-இல், மேல்நிலைப் பள்ளிகளைக் காலை 8.30-க்கு முன் தொடங்காதீர்கள் என்று சொன்னது. கலிபோர்னியா மாநிலம் அதைச் சட்டமாகவே போட்டு 2022-இலிருந்து நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

மார்க் ஏன் இறங்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பகலில் படித்ததை மூளை பதியவைப்பது பெரும்பாலும் தூக்கத்தில்தான் நடக்கிறது. ஓர் இரவில் சுமார் ஒன்றரை மணி நேரச் சுற்றுகள் நாலைந்து வரும். முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், பின்னிரவில் கனவு வருகிற, கண்விழி மூடிய இமைக்குள் வேகமாக அசைகிற தூக்கம் அதிகம். நாலு மணிக்கு எழுப்பினால் அந்தப் பின்பாதி முழுக்கப் போகிறது. முதல் நாள் இரவு படித்த கெமிஸ்ட்ரி பதிந்து முடிவதற்குள் எழுப்பி, அரைத்தூக்கத்தில் பிசிக்ஸ் புத்தகத்தைக் கையில் கொடுத்தால் இரண்டும் நிற்காது.

சாப்பாடு முடிந்ததும் 9 முதல் 10.15 வரை படிக்கட்டும். கஷ்டமான பாடத்தை அப்போது வைத்துக்கொள்ளட்டும். பத்தரைக்கு விளக்கணைத்துவிட்டு ஆறு மணிக்கு எழுந்தால் ஏழரை மணி நேரம் கிடைக்கும். இதுவும் அவளுக்குக் குறைவுதான், ஆனால் நாலரைக்கு எவ்வளவோ மேல். ஞாயிற்றுக்கிழமை கூடுதலாக ஒரு மணி நேரம் தூங்கட்டும், அதற்கு மேல் போனால் திங்கட்கிழமை எழ முடியாது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு மட்டும் என்ன ஆனாலும் கண்விழிக்க விடாதீர்கள். இந்தப் பத்தியை அவள் அப்பாவிடம் படித்துக்காட்டுங்கள். மகள் நன்றாக வர வேண்டும் என்ற அக்கறையில்தான் அவரும் எழுப்புகிறார், சொன்னால் கேட்டுக்கொள்வார்.

கேள்வி (கோயம்புத்தூர்): சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி. அதனால் தூக்கம் கெடுமா?

பதில்: பலருக்குக் கெடும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் தூக்கத்தைக் கொண்டுவருவது. காஃபின் அது உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. குடித்த காஃபினில் பாதி வெளியேறச் சுமார் ஐந்தாறு மணி நேரம் ஆவதால், ஆறு மணிக் காபியில் பாதி நீங்கள் படுக்கும்போதும் உடம்பில் இருக்கும். கர்ப்பிணிகளுக்கும் கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கும் இன்னும் மெதுவாகத்தான் வெளியேறும். கடைசிக் காபியை மதியம் இரண்டு மூன்று மணிக்குக் கொண்டுவந்து பத்து நாள் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (கும்பகோணம்): வயது 71. ஓய்வுபெற்ற ஆசிரியர். தினமும் விடியற்காலை 3.30-க்கு முழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் தூக்கமே இல்லை. இரவு எட்டரைக்குச் சாப்பிட்டுப் படுத்துவிடுவேன். மதியம் ஒன்றரை மணி நேரம் கண் அசருவேன். பக்கத்து மருந்துக் கடையில் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிச் சில மாதமாகப் போடுகிறேன், அதுவும் இப்போது கேட்பதில்லை. டோஸைக் கூட்டலாமா?

பதில்: கூட்டாதீர்கள் ஐயா. முதலில் ஒரு கணக்குப் போடுவோம். எட்டரைக்குப் படுத்து மூன்றரைக்கு விழித்தால் ஏழு மணி நேரம். மதியம் ஒன்றரை. ஆக எட்டரை மணி நேரம், உங்கள் வயதுக்குத் தேவையான 7 முதல் 8-ஐவிடக் கூடவே தூங்குகிறீர்கள். உங்களுக்குத் தூக்கம் குறையவில்லை, தூக்கம் வேண்டாத நேரத்தில் வந்து சேர்கிறது, அவ்வளவுதான். வயதாக ஆக ஆழ்ந்த தூக்கம் குறையும், ஒன்றிரண்டு தடவை நடுவில் விழிப்பு வரும், கடிகாரமும் முன்னால் நகர்ந்து சீக்கிரம் தூக்கம் வந்து சீக்கிரம் கலையும்.

இதைச் சரிசெய்ய மாத்திரை தேவையில்லை. மதியத் தூக்கத்தை அரை மணி நேரத்துக்குள் அடக்குங்கள். காலை நடையைக் கொஞ்ச நாள் மாலை ஐந்து மணிக்கு மாற்றி, வெளிச்சம் இருக்கும்போதே நடந்துவிட்டு வாருங்கள். சாயங்கால வெளிச்சம் உடம்புக் கடிகாரத்தைப் பின்னால் தள்ளும். இரவு பத்துக்கு முன் படுக்காதீர்கள், எழுகிற நேரத்தை ஐந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் விழிப்பு வந்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். இருபது நிமிடம் போலப் புரண்டும் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து போய்க் கூடத்தில் மங்கலான விளக்கில் எதையாவது படியுங்கள், கண் சொக்கினால்தான் படுக்கைக்குத் திரும்ப வேண்டும். இது பாட்டி வைத்தியம் இல்லை ஐயா. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் முதலில் செய்ய வேண்டியது இப்படிப் பழக்கங்களையும் எண்ணங்களையும் மாற்றும் சிகிச்சைதான் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்திருக்கிறது.

அந்த மாத்திரை விஷயம். உங்கள் வயதில் தூக்க மாத்திரை போட்டுக்கொண்டு இரவில் பாத்ரூமுக்கு எழுகிறவர்கள் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிவது நடக்கிற ஆபத்து. ஞாபக மறதியும் குழப்பமும் வரும். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற மாத்திரையைத் தூக்கத்துக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், வயதானவர்களுக்கு அதனால் சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். ஆனால் மாதக்கணக்கில் போட்டதை நீங்களாக ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், தூக்கம் முன்பைவிட மோசமாகும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அட்டையை எடுத்துக்கொண்டு ஒரு மருத்துவரிடம் போங்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுப்பார். பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் அதைக் காலைக்கு மாற்றலாமா என்றும் அவரிடமே கேளுங்கள், பல பேருக்கு ராத்திரி முழிப்பின் காரணமே அதுதான்.

கேள்வி (கோவில்பட்டி): எனக்கு 41 வயது. தெருக்குழாயில் தண்ணீர் விடுகிற நாளில் விடியற்காலை மூன்றரை நாலுக்கு எழுந்தாக வேண்டும். மற்ற நாளில் ஐந்து மணி, பிள்ளைகளுக்கும் அவருக்கும் டிபன் கட்ட வேண்டும். ராத்திரி எல்லோரும் சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, மாவாட்டி எடுத்துவைத்துப் படுக்கப் பதினொன்றரை. எப்போதும் அசதி, எரிச்சல். போன மாதம் பார்த்ததில் சர்க்கரை பார்டரில் இருக்கிறது என்றார்கள். எனக்குச் சத்து மாத்திரை ஏதாவது சொல்லுங்கள்.

பதில்: வந்த கடிதங்களில் என்னை அதிகம் உறுத்தியது உங்களுடையதுதான் அம்மா. இவ்வளவும் எழுதிவிட்டுத் தூக்கம் போதவில்லை என்று ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை, சத்து மாத்திரைதான் கேட்கிறீர்கள்.

உங்களுக்குக் கிடைப்பது நாலிலிருந்து ஐந்தரை மணி நேரம். 1999-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 11 இளைஞர்களை ஆறு இரவு நாலு மணி நேரம் மட்டும் படுக்கவைத்துப் பார்த்தார்கள். அந்த ஆறே நாளில் அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன் குறைந்துபோனது, பிறகு நன்றாகத் தூங்கவைத்ததும் தேறியது. உங்கள் சர்க்கரை பார்டருக்கு வந்ததற்குத் தூக்கம் மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், குடும்ப வாகு, சாப்பாடு எல்லாம் இருக்கிறது. ஆனால் அரிசியைக் குறைத்து நடையைக் கூட்டச் சொல்கிற யாரும் உங்கள் தூக்கத்தைக் கேட்டிருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். இரத்தச் சோகைக்கும் தைராய்டுக்கும் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். இரும்புச் சத்து குறைந்தால் ராத்திரியில் கால் குடைச்சல் வந்து, இருக்கிற தூக்கமும் கெடும்.

இனி எழுதுவது உங்கள் வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டு வேலை செய்கிறவர்களில் பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் அதில் செலவிடுவதாகத் தெரிந்தது. அந்த வித்தியாசத்தில் ஒரு பகுதி பெண்களின் தூக்கத்திலிருந்துதான் எடுக்கப்படுகிறது. தண்ணீர் வருகிற நாளில் குடம் பிடிக்க ஒருவர் மாற்றி ஒருவர் எழலாம், அதற்கு அம்மாதான் வேண்டும் என்பதில்லை. சாப்பிட்ட தட்டை அவரவர் கழுவிக் கவிழ்த்தால் அரை மணி நேரம் மிச்சம். மாவைச் சாயங்காலமே பையன் கிரைண்டரில் போட்டு எடுத்துவிடலாம். பத்தரைக்கு அம்மா படுத்தாக வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். அந்த முடிவு அம்மா கையில் இருந்தால் எடுத்திருப்பார், நீங்கள் எடுத்தால்தான் நடக்கும்.

மதியம் வீடு காலியாக இருக்குமே, அப்போது இருபது நிமிடம் படுங்கள் அம்மா. துணி மடிக்க உட்காராதீர்கள்.

கேள்வி (நாகர்கோவில்): மதியம் தூங்கினால் தொப்பை போடுமா?

பதில்: தூக்கத்தால் போடாது, அதற்கு முன் சாப்பிட்ட அளவால் போடும். இருபது நிமிடம், மூன்று மணிக்குள். ஒரு மணி நேரம் தாண்டினால் எழும்போது மந்தமாக இருக்கும், ராத்திரித் தூக்கமும் தள்ளிப்போகும்.

கேள்வி (வேளச்சேரி, சென்னை): என் ஸ்மார்ட் வாட்ச் ஆழ்ந்த தூக்கம் குறைவு என்று தினமும் காட்டுகிறது. அதைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

பதில்: கையசைவையும் நாடித் துடிப்பையும் வைத்து அது கணிக்கிறது. எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதை ஓரளவு சரியாகச் சொல்லும். எது ஆழ்ந்த தூக்கம் என்று உறுதியாகச் சொல்ல மூளை அலைகளைப் பதிவு செய்ய வேண்டும், அதற்குத் தலையில் மின்முனைகள் ஒட்ட வேண்டும். பகலில் தெளிவாக இருக்கிறீர்கள் என்றால் ராத்திரி வாட்சைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

கேள்வி (நாமக்கல்): கணவர் லாரி டிரைவர், வயது 46, கொஞ்சம் கனத்த உடம்பு. குறட்டை தெருவுக்கே கேட்கும். நடுவில் சட்டென்று சத்தம் நின்றுபோய், மூச்சும் நின்ற மாதிரி இருந்து, திடீரென்று திணறிக்கொண்டு மூச்சு வாங்குவார். எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் தலைவலி. டிவி முன்னால் உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறார். வண்டியில் போகும்போதும் இப்படி ஆகுமோ என்று நான் தூங்குவதில்லை.

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா, தள்ளிப்போடாமல் அவரை அழைத்துக்கொண்டு போங்கள். நீங்கள் எழுதியிருப்பது தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய்க்கு அப்படியே பொருந்துகிறது. தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைத்துவிடும். பத்து நொடி, இருபது நொடி, சில சமயம் அதற்கு மேலும் காற்று போகாது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி ஒரு கணம் எழுப்பிவிடும், அந்த விழிப்பு அவருக்கு நினைவில் இருக்காது. ஒரு மணி நேரத்தில் இது 30 தடவைக்கு மேல் நடந்தால் கடுமையான நிலை என்று வகைப்படுத்துகிறார்கள். எட்டு மணி நேரம் படுத்திருந்தும் தூக்கம் கந்தல் கந்தலாகத்தான் கிடைக்கிறது. காலைத் தலைவலி, வாய் வறட்சி, இரவில் அடிக்கடி சிறுநீர், மாத்திரைக்கு அடங்காத பிரஷர் எல்லாம் இதனாலேயே வரலாம்.

இன்றைக்கு ராத்திரி அவர் தூங்கும்போது உங்கள் போனில் ஐந்து நிமிடம் வீடியோ எடுங்கள், மூச்சு நின்று திணறுவது தெரிகிற மாதிரி. கழுத்துச் சுற்றளவை டேப்பால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள், 40 செ.மீ. தாண்டினால் சந்தேகம் கூடும். இவற்றோடு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள். ஓர் இரவு உடம்பில் கருவிகளைப் பொருத்தித் தூக்கத்தைப் பதிவு செய்வார்கள். நோய் உறுதியானால், மூக்கில் முகமூடி மாட்டிக் காற்றை மெல்லிய அழுத்தத்தில் செலுத்தும் சீபேப் என்ற கருவி இருக்கிறது. 1981-இல் ஆஸ்திரேலியாவில் காலின் சல்லிவன் கண்டுபிடித்தது, இன்றுவரை முதன்மையான சிகிச்சை அதுதான். முகமூடி மாட்டிக்கொண்டு படுக்க முதலில் சங்கடமாக இருக்கும், ஆனால் சில நாளிலேயே "இப்படித் தூங்கி எத்தனை வருஷமாச்சு" என்று சொல்கிறவர்கள் உண்டு. எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, மதுவை விடுவது எல்லாமே உதவும்.

சிகிச்சை தொடங்கும்வரை இரவு லோடு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டியில் நாலு நொடி கண் சொக்கினால் வண்டி சுமார் 90 மீட்டர் ஆளில்லாமல் ஓடியிருக்கும். விடியற்காலை இரண்டிலிருந்து ஐந்து வரைதான் உடம்பின் விழிப்பு அடிமட்டத்துக்குப் போகும் நேரம். பாட்டைச் சத்தமாக வைப்பதும் ஜன்னலைத் திறப்பதும் கொஞ்ச நேரத்துக்கு மேல் தாங்காது. கண் எரிந்தால், கொட்டாவி அடுத்தடுத்து வந்தால், கடந்துவந்த சில கிலோமீட்டர் நினைவில்லை என்றால், பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, ஒரு டீயைக் குடித்துவிட்டு உடனே இருபது நிமிடம் தூங்க வேண்டும். எழும்போது காஃபின் வேலை செய்ய ஆரம்பித்திருக்கும், தூங்கிய பலனும் சேரும்.

வண்டி உரிமையாளர்களுக்கும் சொல்ல வேண்டும். 1997-இல் வந்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் செயல்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத ஆல்கஹால் இருப்பவரின் அளவுக்கு இறங்கியது. நம் நாட்டில் 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே குடித்துவிட்டு ஓட்டிய குற்றம். போக்குவரத்துத் தொழிலாளர்களுக்கு நாளில் 8 மணி நேர வேலை என்று 1961-ஆம் ஆண்டிலேயே சட்டம் போட்டார்கள். டெலிவரி நேரத்தை மட்டும் சொல்லி, தூங்குகிற நேரத்தைக் கணக்கிலேயே எடுக்காமல் ஆளை அனுப்புவது, குடித்தவனிடம் சாவியைக் கொடுப்பதற்குச் சமம்.

கேள்வி (ஒரகடம்): வயது 25. கம்பெனியில் வாரம் ஒரு ஷிப்ட் மாறும், ஏ (காலை), பி (மதியம்), சி (இரவு). சி ஷிப்ட் வாரத்தில் காலை ஏழரைக்கு ரூமுக்கு வந்து படுத்தால் பதினொன்றரைக்கு முழிப்பு வந்துவிடுகிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஒரே வெக்கை. பகலில் எப்படித் தூங்குவது?

பதில்: தம்பி, பகல் தூக்கம் குறைவது உங்கள் தப்பில்லை. உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் சூரிய வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. அந்தக் கடிகாரத்தின் மரபணு எப்படி வேலை செய்கிறது என்று பழ ஈக்களில் கண்டறிந்த ஹால், ராஸ்பாஷ், யங் மூவருக்கும்தான் 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. காலை ஏழரைக்கு நீங்கள் படுக்கும்போது உடம்பு எழுந்திருக்கத் தயாராகிக்கொண்டிருக்கும், சூடும் ஏற ஆரம்பித்திருக்கும். உடல் தேவைக்கும் கடிகாரத்துக்கும் இழுபறி, அதனால்தான் நாலு மணி நேரத்தில் முழிப்பு.

ஷிப்ட் முடிந்து வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், காலை வெயில் கண்ணில் பட்டால் கடிகாரம் விடிந்துவிட்டது என்று முடிவு செய்துவிடும். ரூம் ஜன்னலைக் கனமான போர்வையால் மூடுங்கள், காதுக்குப் பஞ்சு. ஆஸ்பெஸ்டாஸ் சூட்டைத் தணிக்கக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு அடித்துத் தரும்படி ரூம் பையன்கள் எல்லோருமாகச் சேர்ந்து ஹவுஸ் ஓனரிடம் கேளுங்கள், அதுவரை தென்னை ஓலை பரப்பலாம். காலையில் கிடைக்கிற நாலு மணி நேரத்தோடு விட்டுவிடாமல், வேலைக்குப் போகும் முன் சாயங்காலம் ஏழு மணி வாக்கில் இன்னொரு இரண்டு மூன்று மணி நேரம் தூங்குங்கள். இரண்டு தவணையாகத் தூங்குவது ஒரே மூச்சில் தூங்குவதற்கு ஈடாகாது, என்றாலும் நாலோடு நிற்பதைவிட நல்லது. ராத்திரிச் சாப்பாட்டை வேலைக்குப் போகும் முன் முடித்துவிட்டு, நடு ராத்திரி கேன்டீனில் லேசாக ஏதாவது சாப்பிடுங்கள். அந்த நேரத்தில் பரோட்டாவைச் செரிக்க உடம்பு தயாராக இருக்காது.

ஷிப்ட் மாறும் வரிசை ஏ, பி, சி என்று முன்னோக்கிப் போனால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். சி, பி, ஏ என்று பின்னோக்கிப் போட்டால் கஷ்டம் அதிகம், ஏனென்றால் தூக்கத்தைத் தள்ளிப்போடுவது எளிது, முன்னால் இழுப்பது கடினம். உங்கள் கம்பெனியில் பின்னோக்கிப் போகிறது என்றால் சூப்பர்வைசரிடம் எடுத்துச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் வேலையை, புற்றுநோய் வரவழைக்கக்கூடும் என்ற சந்தேகம் வலுவாக உள்ளவற்றின் பட்டியலில், உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2007-இல் சேர்த்தது, 2019-இல் அதையே உறுதி செய்தது. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கல்யாணமாகி, வீடு கட்டி, பதினைந்து இருபது வருடம் இதே ஷிப்டில் இருந்துவிடலாம் என்று திட்டம் போடாதீர்கள், இரண்டு மூன்று வருடத்தில் பகல் வேலைக்கு மாறும் வழியைப் பாருங்கள். அதுவரை சி ஷிப்ட் முடிந்த காலையில் பைக்கில் ரூமுக்கு வராதீர்கள், கம்பெனி பஸ்ஸிலேயே ஏறிக்கொள்ளுங்கள்.